ரோம் டூர்ல ஒரு நாள் சும்மா கெடச்சா: ஹாட்ரியன் வில்லாவ எப்படிப் பாக்கணும்

நம்ம பக்கத்துல ரோம் யாத்திரைக்கு ஆள் சேக்காத சர்ச்சுப் பங்கே இப்போ கெடையாதுன்னு சொல்லலாம், 2022 மே மாசம் வாட்டிகன்ல தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் குடுத்ததுக்குப் பொறவு வடக்கன்குளம், பாளையங்கோட்டை, தூத்துக்குடின்னு எங்கன பாத்தாலும் டூர் நோட்டீஸ் தான். எந்த நோட்டீஸ எடுத்தாலும் லிஸ்டு ஒண்ணு தான், வாட்டிகன், கொலோசியம், காசு போடுற திரேவி நீரூத்து, அசிசி, பாதுவா, நடுவுல எங்கயாவது ஒரு நாள் "ஓய்வு, ஷாப்பிங்"னு போட்டுருப்பாங்க. அந்த நாள்ல ஹோட்டல்ல படுத்துக் கெடக்காம, காந்தம் ஒட்டுன பொம்மை வாங்கக் கடை கடையா அலையாம உருப்படியா ஒரு எடம் பாக்கணும்னா அதுக்குத் தான் இத எழுதுதேன். பிள்ளைங்க அங்க வேலை பாக்குறதால மாசக்கணக்குல போயி தங்குத அம்மா அப்பாவுக்கும் இது ஆகும்.

எடத்தோட பேரு வில்லா அட்ரியானா. ரோமுக்குக் கெழக்க 30 கிலோமீட்டர் பக்கத்துல திவொலின்னு ஒரு மலைச் சரிவு ஊரு, அதுக்குக் கீழ கெடக்கு. ஹாட்ரியன்னு ஒரு பேரரசர், கி.பி. 117-ல இருந்து 138 வரைக்கும் ஆண்டவரு, அவரு பட்டத்துக்கு வந்த கையோட கட்ட ஆரம்பிச்சு சாகுற வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்த மாளிகை. மாளிகைன்னா ஒத்தக் கட்டடம்னு நெனச்சுப் போயிராதீங்க, மொத்தம் 120 ஹெக்டேர் பக்கம், அதாவது 300 ஏக்கர், அரமனை, குளியல் கூடம், லைப்ரரி, தியேட்டர், கோயில், குளம், வேலக்காரங்க குடியிருப்புன்னு ஒரு ஊரே தான். நமக்கு நடந்து பாக்க விட்டுருக்கது அதுல மூணுல ஒரு பங்கு இருக்கும், அதுக்கே கால் கெஞ்சும். 1999-ல யுனெஸ்கோ லிஸ்டுல சேத்தாச்சு.

போயிட்டு வந்தவங்கள்ல பாதி பேரு சொல்லுதது என்னன்னா, "என்னத்தப் போ, இடிஞ்ச செவுரு தான் கெடக்கு, வெயில்ல அலைஞ்சது தான் மிச்சம்". அவங்க சொல்லுததுல பொய் இல்ல, ஏன்னா அங்க நின்னது மினுங்குனது எல்லாத்தையும் ஆயிரம் வருசத்துக்கு மேல உருவி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பளிங்கச் சுட்டு சுண்ணாம்பாக்குனாங்க, சிலையக் கொண்டுபோயி போப்பு வீட்டுலயும் கார்டினல் வீட்டுலயும் வச்சுக்கிட்டாங்க. அதனால அங்க போயி மேல அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்தீங்கன்னா ஒண்ணும் தெரியாது. தரையப் பாருங்க. அந்த எடத்துக்கு நான் சொல்லுத ஒரே வித்தை இது தான், தரை என்ன தரைன்னு பாத்தா அங்க யாரு இருந்தான்னு தெரிஞ்சிரும். கலர் கலர் பளிங்கு வெட்டிப் பதிச்ச தரைன்னா ராஜா பொழங்குன எடம், கறுப்பு வெள்ளை மொசைக்னா விருந்தாளி, அதிகாரி மட்டம், வெறும் செங்கல்லு, காரைன்னா வேலக்காரங்க. தொல்லியல்காரங்களே அந்த வில்லாவ இப்படித் தான் பிரிச்சுப் படிச்சிருக்காங்க, இதோட கூட கக்கூஸயும் கணக்குல எடுத்துருக்காங்க, ஒத்த ஆள் கக்கூஸ்னா பெரிய எடம், வரிசையா பத்துப் பேரு உக்காருததுன்னா சின்ன எடம்.

கெளம்புறதுக்கு முந்தி ஒரு நாள் காலைல திருச்செந்தூர் ரோட்டுல ஆதிச்சநல்லூர் வரைக்கும் போயிட்டு வாங்க. சும்மா சொல்லல, அங்க குழிக்கு மேல கண்ணாடி போட்டு தாழி புதஞ்ச வாக்குலயே கெடக்குததக் கீழ பாக்குற மாதிரி வச்சுருக்காங்க, தலையக் குனிஞ்சு பொறுமையா பாக்குத பழக்கம் வந்துட்டுன்னா திவொலில கொள்ள விசயம் கண்ணுல படும். நம்ம ஊருல உள்ளதப் பாக்காமலே வெளியூர்ல போயி போட்டோ எடுக்குறவங்களுக்கும் இது ஒரு சாக்கு.

விசா விசயமெல்லாம் டூர்காரங்க பாத்துக்கிடுவாங்க, தனியா போறவங்க ஷெங்கன் விசாவுக்கு முப்பதாயிரம் யூரோ கவரேஜ் உள்ள இன்சூரன்ஸ் கட்டாயம்ங்கறத மட்டும் மறக்காதீங்க. நம்ம ஆளுங்க பல பேரு திருவனந்தபுரம் போயி கல்ஃப் வழியா தான் ஏறுதாங்க, அது தான் தோதும். மாசம்னு பாத்தா ஏப்ரல், மே, இல்லன்னா செப்டம்பர் கடேசி, அக்டோபர். ஜூலை ஆகஸ்ட்ல வெயில் 35 டிகிரிக்கு மேல போவும், நமக்கென்ன வெயில் புதுசான்னு கேப்பீங்க, புதுசில்ல தான், ஆனா நம்மூர்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு எவன் பொட்டக்காட்டுல நாலு மணி நேரம் நடக்கான்? டிசம்பர் ஜனவரில நாலரை மணிக்கெல்லாம் இருட்டிக்கிட்டு வரும், சீக்கிரமே பூட்டிருவாங்க.

ரோமுல எறங்குன மொத ரெண்டு நாளுக்குள்ள பாந்தியன் கோயிலப் பாத்துருங்க, அதுக்கப்புறம் தான் திவொலி. இந்த வரிசை முக்கியம். பாந்தியனும் ஹாட்ரியன் காலத்துல முடிஞ்ச கட்டடம் தான், 43 மீட்டர் அகலத்துல கும்மட்டம் இன்னைக்கும் முழுசா நிக்குது, அது சர்ச்சா மாறுனதால பொழச்சுது. தரைல செவப்பு, மஞ்சள், சாம்பல்னு வட்டமும் சதுரமுமா கல்லு பதிச்சுருக்கதப் பாருங்க, அதே ஆளு அதே காலத்துல கட்டுன வில்லால இடிஞ்ச கும்மட்டத்தையும் தரைல ஒட்டிக்கிட்டு இருக்க கல்லுத் துண்டையும் பாக்கும்போது முழுசா இருந்தா எப்படி இருந்துருக்கும்னு மனசுல தானா கட்டிக்கிடும். 2023-ல இருந்து அங்க டிக்கெட்டு வாங்குதாங்க, ஆரம்பிச்சப்போ 5 யூரோ, முன்ன மாதிரி சும்மா நொழைய முடியாது.

இனி போற வழி. ரோம் மெட்ரோல பி லைன் ஏறணும், தெர்மினி ஸ்டேஷன்ல இருந்தே கெடைக்கும். இங்கன தான் நம்மாளுங்க மாட்டுவாங்க, பி லைன் நடுவுல ரெண்டா பிரியும், ஒண்ணு ரெபிப்பியா போவும் இன்னொண்ணு யோனியோ போவும், வண்டி மூஞ்சில ரெபிப்பியான்னு போட்டுருந்தா மட்டும் ஏறுங்க. பொந்தே மம்மோலோ ஸ்டேஷன்ல எறங்கி வெளிய வந்தா கோத்ரால் கம்பெனி நீல பஸ் நிக்கும். திவொலி போற பஸ் ரெண்டு ரூட்ல போவும், ப்ரெனெஸ்தினா வழியா போற பஸ்னா வில்லா வாசல் பக்கத்துலயே எறக்கி விட்டுருவான், திபுர்தினா ரோடு வழியா போறதுன்னா மெயின் ரோட்டுல எறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். திபுர்தினா பஸ் தான் அடிக்கடி வரும், ப்ரெனெஸ்தினாக்கு நேரம் பாத்து நிக்கணும், பெரியவங்கள கூட்டிட்டுப் போறவங்க காத்துக் கெடந்தாலும் பரவால்லன்னு ப்ரெனெஸ்தினா வண்டியே புடிங்க. பஸ்ல ஏறி கண்டக்டர தேடாதீங்க, கண்டக்டரே கெடையாது, டிக்கெட்ட தபாக்கின்னு கறுப்பு போர்டுல வெள்ளை டி எழுத்து போட்டுருக்க பொட்டிக் கடைல முன்னாடியே வாங்கி, போகவும் வரவும் சேத்து வாங்கி, வண்டில ஏறுன ஒடனே மெஷின்ல குத்தணும், குத்தாம உக்காந்துருந்தா செக்கிங் வந்தா ஃபைன் தான், தெரியாதுன்னு சொன்னாலும் விடமாட்டாங்க. மெட்ரோல பர்ஸ முன் பாக்கெட்ல வைங்க, சட்டைக்கு உள்ள வச்சா இன்னும் நல்லது.

திபுர்தினா வழியா போறவங்களுக்கு ஒரு விசயம், பாதி வழில திடீர்னு அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், பஸ்ல யாரையும் சந்தேகப்பட்டு மொறைக்காதீங்க, அது அங்க உள்ள கந்தக ஊத்து, ரோமர் காலத்துல இருந்து ஜனங்க அதுல குளிக்காங்க. அதே வழில ரெண்டு பக்கமும் வெள்ளையா பாளம் பாளமா வெட்டுன கல் குவாரி தெரியும், அந்த ட்ராவர்டைன் கல்லுல தான் கொலோசியம் கட்டுனது. ஜன்னல் பக்கம் உக்காருங்க.

ரயில்ல வரணும்னா திபுர்தினா ஸ்டேஷன்ல இருந்து திவொலிக்கு வண்டி இருக்கு, மலை ஏறிப் போற வழி அழகு தான், ஆனா திவொலி ஊருல எறங்கி மறுபடி 4-ஆம் நம்பர் லோக்கல் பஸ் புடிச்சு மலைய விட்டுக் கீழ வரணும். போறப்போ பஸ்ஸும் வாறப்போ ரயிலும்னு வச்சுக்கிட்டா நல்லாருக்கும். ஞாயித்துக்கிழமை பஸ்ஸு கொறைவு. வெள்ளிக்கிழமைகள்ல அங்க அடிக்கடி ஸ்ட்ரைக் நடக்கும், மொத நாளே ஹோட்டல்ல கேட்டுக்கோங்க. மாசத்துல மொத ஞாயிறு அரசாங்க மியூசியம் எல்லாம் ஃப்ரீ, இதுவும் அதுல சேத்தி, கூட்டமும் அதுக்குத் தக்கன இருக்கும். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு எப்பவுமே ஃப்ரீ, பாஸ்போர்ட்ட காட்டணும்.

கைல என்ன கொண்டு போவணும்னா மொதல்ல நல்ல ஷூ. செருப்பு போட்டா சரளைக்கல்லு உள்ள போயி உயிர எடுக்கும், சேலை கட்டுத அம்மாமாரும் ஒரு நாளைக்கு ஷூ போட்டுக்கோங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. குடை கட்டாயம், வெளிநாட்டுக்காரன் தொப்பி போட்டுட்டு அலையட்டும், நமக்கு குடை தான் சரி. தண்ணி பாட்டில காசு குடுத்து வாங்காதீங்க, ரோம் தெருவுல மூக்கு மாதிரி குழாய் வச்சு நாள் பூரா தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும், நல்ல தண்ணி, காலைல அதுல ரெண்டு பாட்டில் புடிச்சுக்கோங்க. சாப்பாட்டுக்கு உள்ள கடைய நம்பாம கையோட கட்டிட்டுப் போறது நல்லது, ஹோட்டல்ல குடுக்குத ரொட்டிக்கு நடுவுல ஊர்ல இருந்து கொண்டு போன புளிக்காச்சலோ பூண்டு ஊறுகாயோ தடவி சுருட்டுனா அமிர்தம். இறைச்சி, பால் சம்பந்தப்பட்டது எதையும் இந்தியால இருந்து அங்க கொண்டு போக விடமாட்டாங்க, பொடியும் ஊறுகாயுமே போதும். உப்புக்கண்டத்த பெட்டில ஒளிச்சு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

காலைல எட்டரைக்கெல்லாம் வழக்கமா தொறந்துருவாங்க, ஒம்பது மணிக்குள்ள உள்ள போயிருங்க. டிக்கெட் கவுன்டர் பக்கத்துலயே கக்கூஸ் போயிட்டு ஏறுங்க, உள்ள போயி தேடுனா ரொம்ப தொலவு திரும்பி வரணும். வாசல்ல இருந்து ஒலிவ மரம், சைப்ரஸ் மரம் நிக்குத ரோட்டுல கொஞ்சம் மேடு ஏறணும், பைய நடங்க. மேட்டுல ஒரு கட்டடத்துக்குள்ள வில்லா மொத்தத்தையும் சின்னதா மாதிரி செஞ்சு வச்சுருப்பாங்க, டூரிஸ்டு பாதி பேரு ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடிருவான், நீங்க ஓடாதீங்க, பத்து நிமிசம் நின்னு எது எங்கன இருக்குன்னு மனசுல போட்டுக்கோங்க, அந்தப் பத்து நிமிசம் பொறவு ரெண்டு மணி நேரத்த மிச்சம் புடிக்கும். போர்டுல எழுதிருக்க பேர ரொம்ப நம்பாதீங்க. பழைய ஏட்டுல ஹாட்ரியன் தன் வில்லால கிரேக்கம், எகிப்துல உள்ள எடத்துப் பேரெல்லாம் வச்சாருன்னு இருக்கு, அதப் படிச்சுட்டு பின்னால வந்தவங்க இது அதுவா இருக்கும் அது இதுவா இருக்கும்னு ஒட்டுன பேருங்க தான் முக்காவாசி.

உள்ள நொழஞ்சதும் 9 மீட்டர் ஒசரத்துல ஒரு செவுரு நீளமா நிக்கும், அது பொய்கிலேங்கற பெரிய தோட்டத்தோட வடக்குச் செவுரு. இதுக்குக் கிட்ட போயிப் பாருங்க, சின்னச் சின்ன சதுரக் கல்ல கோணலா சாச்சு சாச்சு அடுக்கிருப்பாங்க, பனை ஓலப் பெட்டி முடைஞ்ச கணக்கா குறுக்குக் கோடு ரெண்டு பக்கமும் ஓடும், நடுநடுவுல செங்கல் வரிசை. இவ்வளவு அழகா அடுக்கிட்டு அந்தக் காலத்துல அதுக்கு மேல காரை பூசி மறச்சுட்டாங்க, ஒருத்தரும் பாத்துருக்க முடியாது, நமக்குத் தான் பூச்சு உதிந்து தெரியுது. செவுத்துக்கு ரெண்டு பக்கமும் தூண் வச்சு கூரை போட்டுருந்தாங்க, ஒரு பக்கம் வெயில் அடிச்சா மறுபக்கம் நெழலு, சாப்பிட்டுட்டு நடக்குறதுக்குன்னே கட்டுனது. செங்கல்லுல ஒரு சங்கதி இருக்கு. ரோமர் செங்கல்லுல சூளைக்காரன் முத்திரை குத்துவான், சிலதுல அந்த வருசத்து கான்சல், அதாவது வருசா வருசம் மாறுத பெரிய அதிகாரி, பேரும் இருக்கும், இங்க கெடச்ச முத்திரைல கி.பி. 123-ஆம் வருசத்துது நெறைய, அத வச்சுத் தான் எந்தக் கட்டடம் எப்போ எழும்புச்சுன்னு கணக்குப் போட்டாங்க.

எல்லாரும் இங்கன இருந்து நேரா குளத்தப் பாத்து தெக்க போயிருவாங்க, நீங்க எடது பக்கம் கெழக்க திரும்புங்க. தரை பாக்க வேண்டிய எடமெல்லாம் அந்தப் பக்கம் தான், கால் ஓயுறதுக்குள்ள அத முடிச்சுரணும். தத்துவவாதிகள் ஹால்னு ஒரு கூடம் வரும், செவுத்துல குத்துக் குத்தா ஓட்டை இருக்கும், அது தோட்டா பட்ட ஓட்டை இல்ல, பளிங்குப் பலகைய செவுத்தோட புடிச்சு வைக்க கொக்கி அடிச்ச தடம். ஓட்டைய எங்க பாத்தாலும் அங்க ஒரு காலத்துல பளிங்கு இருந்துதுன்னு அர்த்தம். அதத் தாண்டுனா மாரிட்டைம் தியேட்டர்னு சொல்லுத எடம், தியேட்டரும் இல்ல கடலும் இல்ல, 40 மீட்டருக்கு மேல அகலமா வட்டமா ஒரு மதில், உள்ள வட்டமா தூண் வரிசை, அதுக்குள்ள வட்டமா தண்ணி, தண்ணிக்கு நடுவுல தீவு, தீவுல ஒரு குட்டி வீடு, அதுல படுக்கை ரூம், குளிக்கிற எடம், ஒத்தக் கக்கூஸ் எல்லாம் உண்டு. அந்தக் காலத்துல எடுத்துப் போடுற மரப்பாலம் தான் வச்சுருந்தாங்க, பாலத்த இழுத்துட்டா ராஜாவ ஒருத்தனும் தொந்தரவு பண்ண முடியாது. முன்னூறு ஏக்கர்ல வீட்டக் கட்டிட்டு கடேசில அந்த ஆளுக்கு ஒதுங்க ஒரு மூலை தேவைப்பட்டுருக்கு பாத்தேளா.

பக்கத்துலயே சூரியக் குளியல் கூடம் ஒண்ணு, வட்டமான ரூமு, தென்மேக்குப் பாத்து பெரிய பெரிய ஜன்னல், சாயங்கால வெயில உள்ள விட்டு சூடேத்துறது. வெயிலுக்குன்னு தனியா ரூமு கட்டுனான்னு நம்மூர்ல சொன்னா சிரிப்பாங்க. தரைக்கு அடில குட்டிக் குட்டி செங்கல் தூணு தெரியும், அந்த எடவெளில அடுப்புல இருந்து வாற சூடு காத்து ஓடும். குனிஞ்சு பாருங்க.

அடுத்து ஹோஸ்பித்தாலியா, விருந்தாளி தங்குத விடுதி. அவசரத்துல எத விட்டாலும் இத விட்டுராதீங்க. நடுவுல ஒரு நீள நடை, ரெண்டு பக்கமும் சேத்து பத்து ரூமு, கூரை கெடையாது, செவுரு பாதி ஒசரம், ஆனா தரை மட்டும் ஆயிரத்து தொளாயிரம் வருசமா அப்படியே கெடக்கு. கறுப்பு வெள்ளை மொசைக், கல்லு ஒவ்வொண்ணும் சுண்டு வெரல் நகத்த விடச் சின்னது. ஒரு ரூமுல பூ, அடுத்த ரூமுல கொடி, அதுக்கடுத்து சதுரத்துக்குள்ள வட்டம், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. கயிறு கட்டி வச்சுருப்பாங்க, உள்ள எறங்கக் கூடாது, வாசல்ல நின்னு தான் பாக்கணும். எங்க பெரியம்மாவ கூட்டிட்டுப் போனப்போ அவங்க ஒரு வாசல்ல ரொம்ப நேரமா நின்னுட்டாங்க, நான் "வாங்க பெரியம்மா, இன்னும் கொள்ள இருக்கு"ன்னு கூப்புடுதேன், அவங்க கைய நீட்டி "ஏ மக்கா, இந்த மூணு பக்கமும் டிசைன் நின்னு போயி சும்மா கட்டமா இருக்கே, இங்கன கட்டில்லா கெடந்துருக்கும், கட்டிலுக்கு அடில எவன் பூப் போடுவான்"ங்காங்க. அது தான் சரி, ஒவ்வொரு ரூமுலயும் மூணு மாடம், மாடத்துக்கு ஒரு கட்டில், கட்டில் மறைக்கிற எடத்துல செலவ மிச்சம் புடிச்சுருக்கான். பத்து ரூமு, முப்பது ஆளு. நடை ஓரத்துல வரிசையா உக்காருத பொதுக் கக்கூஸும் உண்டு, அப்போ இங்க தங்குனது ராஜா சொந்தக்காரன் இல்ல, நடுத்தர மட்டத்து ஆளுங்கன்னு தெரியுது.

அங்கன இருந்து தெக்க அரமனை, அதக் கடந்து கடேசில பியாத்ஸா தோரோ, பொன் முற்றம்னு சொல்லலாம், தங்கம் ஒண்ணும் இல்ல, தோண்டுனவங்களுக்குக் கெடச்ச சிலை, பளிங்கு சிறப்ப வச்சு வந்த பேரு. செவுரு தரையத் தொடுற மூலையப் பாருங்க, உருவுனவன் விட்டுட்டுப் போன துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். மஞ்சள்னா துனீசியா பக்கம், கரும்பச்சைன்னா கிரீஸ்ல ஸ்பார்ட்டா பக்கம், ரத்தச் செவப்புல வெள்ளைப் புள்ளின்னா எகிப்துப் பாலைவனத்து போர்ஃபிரி, அது பேரரசருக்கே உரிய கல்லு. ரெண்டு கண்டத்துக் கல்லு ஒரே தரைல. இப்படி உருவுனதுல பெரிய கை, 16-ஆம் நூற்றாண்டு கார்டினல் இப்போலித்தோ தெஸ்தே, மேல திவொலி ஊருல தன் மாளிகை கட்ட இங்க இருந்து கல்லும் சிலையுமா அள்ளிட்டுப் போனாரு, அதுக்கு ஏற்பாடு பண்ணுன கட்டடக் கலைஞர் பிர்ரோ லிகோரியோ தான் இந்த வில்லாவ மொதல்ல ஒழுங்கா தோண்டி எழுதி வச்சவரும். தரைல ஒரு கல்லு பேந்து கெடந்தா ஞாபகத்துக்குன்னு பைல போட்டுராதீங்க, கார்டினல் எடுத்தா கலை ஆர்வம், நாம எடுத்தா கேசு.

இனி குளியல் கூடங்கள், சின்னது ஒண்ணு பெரியது ஒண்ணு. பெரியதுல மேல பாக்கலாம், இந்த ஒரு எடத்துல மட்டும் அனுமதி. காங்கிரீட் வளைவுக் கூரை தாங்குத செவுரு போன பொறவும் அந்தரத்துல நிக்குது, எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த காரைக்கு அம்புட்டு பலம். ஒரு ரூமு மச்சுல சுண்ணாம்புச் சிற்ப வேலை இன்னும் மிச்சம் இருக்கு. நடு வெயில் வர்றதுக்குள்ள இங்க வந்து சேந்தா நெழலாச்சு.

அப்புறம் கானோப்பஸ், கார்டு எல்லாத்துலயும் வாற அந்த நீளக் குளம். 119 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், ஒரு முனைல வளைவு வளைவா தூணு, கரைல கல்லு முதலை. கரைல நிக்குத பெண் சிலைகள் ஏதென்ஸ்ல உள்ளத பாத்து ரோமர் செஞ்ச காப்பி, இப்போ அங்க நிக்கதோ அந்தக் காப்பிக்குக் காப்பி, ஒரிஜினல உள்ள மியூசியத்துல வச்சுட்டாங்க. தெக்கு முனைல பாதிக் கும்மட்டம் ஒண்ணு குகை மாதிரி இருக்கு பாருங்க, அதுக்கு அடில அரைவட்டமா திண்டு போட்டு சாஞ்சுக்கிட்டே விருந்து சாப்புடுவாங்க, முன்னாலயும் பின்னாலயும் தண்ணி விழும். கும்மட்டம் பூசணிக்கா வரி வரியா இருக்கத நல்லா பாத்துக்கோங்க. ஹாட்ரியன் எளவட்டமா இருந்தப்போ அப்பொல்லோதோரஸ்ங்கற பெரிய கட்டடக் கலைஞர் பேசிக்கிட்டு இருந்த எடத்துல மூக்க நுழைக்க, அவரு "போயி உன் பூசணிக்காய வரை போ"ன்னு வெரட்டிட்டாராம், பொறவு பட்டத்துக்கு வந்ததும் அவரக் கொல்ல வச்சுட்டாருன்னு பழைய ரோம் வரலாறு எழுதுன காசியஸ் டியோ எழுதிருக்காரு. கொன்னது நெசமோ கதையோ, பூசணிக்கா கும்மட்டம் கண்ணு முன்னால நிக்குது.

கானோப்பஸ்ங்கது எகிப்துல அலெக்சாந்திரியா பக்கத்துல நைல் ஆத்து முகத்துல இருந்த ஊரு. இங்கன கொஞ்ச நேரம் உக்காந்து கட்டுச்சோத்தப் பிரிங்க, ஏன்னா இந்த எடத்துல நம்ம ஊரு சம்பந்தப்பட்டுருக்கு. கொற்கை முத்து ரோமுக்குப் போன வழி இது தான். நம்ம கடல்ல இருந்து கப்பல் செங்கடலுக்குப் போவும், பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ்னு துறைமுகம், அங்க எறக்கி ஒட்டகத்துல பாலைவனம் கடந்து நைல் ஆத்துல படகுல போட்டு அலெக்சாந்திரியா, அங்க இருந்து இத்தாலி. மொதல் நூற்றாண்டு பெரிப்ளூஸ்ங்கற கிரேக்க ஏடு கொல்கோய்னு நம்ம கொற்கையச் சொல்லி, பாண்டியர் ராச்சியத்துல தண்டனைக் கைதிங்க தான் முத்துக் குளிக்காங்கன்னும் எழுதிருக்கு. அந்த ரெண்டு துறைமுகத்துலயுமே தமிழ் எழுத்து கீறுன பானை ஓடு கெடச்சிருக்கு. ஹாட்ரியன் 137-ல, சாகுறதுக்கு மொத வருசம், நைல் கரைல இருந்து பெரெனிகே வரைக்கும் தன் பேருல ஒரு ரோடே போட்டாரு. அந்த விருந்துல சாஞ்சு கெடந்த அம்மாமாரு காதுல கெடந்ததுல கொற்கை முத்து இருந்துருக்கும்னு நான் எண்ணிக்கிட்டேன், ஆதாரம் கேக்காதீங்க.

திரும்பி வர்றப்போ பொய்கிலே தோட்டத்துக்கு மேக்குச் சரிவுல நூறு அறைன்னு சொல்லுத செந்தோ கமெரெல்லே தெரியும். தோட்டத்துக்கு மட்டம் வேணும்னு மண்ணத் தாங்கக் கட்டுன கட்டடம், அதுலயே ஒரே அளவுல சின்னச் சின்ன ரூமா அடுக்கடுக்கா தடுத்து வேலக்காரங்களையும் சாமானையும் வச்சுட்டாங்க. மொசைக் இல்ல, பளிங்கு இல்ல, மேல் ரூமுக்குப் போக வெளிப்பக்கம் மரப்படி. மேல ராஜா சாப்பிட்டது செமிக்க நடக்காரு, அவரு காலுக்கு அடில இவங்க குடியிருக்காங்க. வேலக்காரங்க கண்ணுல படாம சாமான் கொண்டு போவ பூமிக்கு அடில கிலோமீட்டர் கணக்குல சுரங்கப் பாதை, வண்டி மாடு போற அகலத்துலயும் உண்டு, பெரும்பாலும் பூட்டித் தான் இருக்கும், வெளிச்சத்துக்கு விட்ட ஓட்டைங்க மேல நடக்கும்போது தட்டுப்படும். பெரும்பாலான கைடுங்க இந்தப் பக்கம் கூட்டிட்டே வாறதில்ல.

மூட்டு வலிக்காரங்க முழுசும் சுத்தணும்னு அடம் புடிக்க வேண்டாம், தீவு வீடு, ஹோஸ்பித்தாலியா, கானோப்பஸ் இந்த மூணும் போதும், ரெண்டு மணி நேரத்துல முடியும். மத்தவங்களுக்கு நாலு மணி நேரம். சின்னப் பிள்ளைங்கள குளத்து ஓரமா விட்டுட்டு செல்ஃபி எடுக்காதீங்க, தடுப்பு எல்லா எடத்துலயும் கெடையாது.

மத்தியானம் 4-ஆம் நம்பர் பஸ்ல திவொலி ஊருக்கு ஏறுனா கார்டினல் கட்டுன வில்லா தெஸ்தே பாக்கலாம், நீரூத்துத் தோட்டம், மோட்டாரே இல்லாம தண்ணி சரிவுலயே பொங்குது. தெம்பு இருந்தா போங்க, திங்கக்கிழமை காலைல மட்டும் வழக்கமா தொறக்கதில்ல. ஒரு நாள்ல ரெண்டும் பாத்தா ரெண்டும் மனசுல நிக்காதுங்கது என் அபிப்பிராயம், மைனி கேக்க மாட்டேன்னு போனாங்க, அவங்களுக்குப் புடிச்சிருந்துது.

உருவிட்டுப் போனதுல மிச்சத்தப் பாக்க தனியா அலைய வேண்டாம். வாட்டிகன் மியூசியம் உங்க டூர்ல எப்படியும் இருக்கும், அதுல எகிப்து பகுதில ஹாட்ரியன் வில்லால கெடச்ச சிலைங்க இருக்கு, நைல்ல முங்கிச் செத்த அன்தினூஸ்ங்கற பையன எகிப்து சாமி வேசத்துல செதுக்குனதும் அங்க தான். ஹாட்ரியன் அவன் மேல உசுரா இருந்து, செத்த எடத்துல ஒரு ஊரையே கட்டுனாரு. கைடு அங்க நிக்க மாட்டாரு, சிஸ்டைன் சேப்பலுக்கு நேரமாச்சுன்னு இழுப்பாரு, முந்தின நாளே பத்து நிமிசம் வேணும்னு சொல்லி வைங்க. காசும் நேரமும் இருக்கவங்க ரோமுலயே உள்ள கபித்தோலினோ மியூசியம் போங்க, கிண்ணத்துல நாலு புறா தண்ணி குடிக்கிற மொசைக், 1737-ல வில்லால தோண்டி எடுத்தது, கல்லு அம்புட்டு பொடிசு, கண்ணாடி போடுதவங்க கண்ணாடிய எடுத்துட்டுப் போங்க.